தரையடுப்பும் கல்மேடையும்: திருவண்ணாமலை நகர வீடுகளில் அடுக்களை மாற்றத்தின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

தமிழக நகர வீடுகளில் கடந்த அறுபது ஆண்டுகளில் மிகுதியாக இடித்துக் கட்டப்பட்ட பகுதி அடுக்களையே. தரையில் அமர்ந்து சமைத்த நிலை மாறி, நின்று சமைக்கும் கல்மேடை வந்தது. இம்மாற்றம் பெரும்பாலும் ‘நவீனமயம்’ என்ற ஒற்றைச் சொல்லால் விளக்கப்படுகிறது. மேடையின் உயரம், அதன் கல், அதைத் தீர்மானித்தவர் ஆகிய மூன்றும் தனித்தனி வரலாறுகள் உடையவை என்பதைத் திருவண்ணாமலை நகரத்தை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. சமையல் மேடையின் உயரத்தைச் சமைப்பவரின் உடலைக் காட்டிலும் எரிவாயு உருளையே தீர்மானித்தது என்னும் கருதுகோளை இது முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: அடுக்களை, சமையல் மேடை, கடப்பா கல், கிரானைட், எரிவாயு, திருவண்ணாமலை, வாழிடக் கட்டடக்கலை

முன்னுரை

திருவண்ணாமலையைப் பற்றிய ஆய்வுகளுக்குக் குறைவில்லை. பிரெஞ்சு ஆய்வாளர்களின் ஐந்து தொகுதிகள் 1989 முதல் வெளிவந்து, கல்வெட்டு, தொல்லியல், கோயிலின் சமூக அமைப்பு எனப் பலவற்றையும் அளந்தன. அவற்றுள் ஒரு தொகுதி நகரத்துக்கென்றே ஒதுக்கப்பட்டது. எனினும் தமிழில் எழுதப்படும் கட்டடக்கலை வரலாறு இன்றளவும் கோபுரத்திலிருந்து கருவறை வரை நடந்து, அங்கேயே நின்றுவிடுகிறது. கிழக்கு இராசகோபுரத்தின் பதினொரு நிலைகளையும் நாம் எண்ணுவோம். அதன் நிழலில் இருக்கும் தெருக்களில் ஒரு பெண் எந்த உயரத்தில் நின்று சமைக்கிறாள் என்று கேட்பதில்லை.

இக்கேள்வி எனக்கு நூலகத்தில் எழவில்லை. எங்கள் வீட்டு அடுக்களையைப் புதுப்பிக்க வேண்டி வந்தபோது, எந்தக் கல், என்ன உயரம், எந்தத் திசை என்று நடந்த பேச்சுகளில் எழுந்தது. அப்பேச்சுகளில் ஒவ்வொருவரும் ‘இதுதான் முறை’ என்று கூறினர். அந்த முறைகளுள் எதற்கும் ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயது இல்லை என்பது பின்னரே புரிந்தது.

சொல்லும் புகையும்

சமையலிடத்தைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல. ‘அடு’ என்னும் வினையடியிலிருந்து பிறந்த அட்டில், அடுப்பு, அடுக்களை, அடிசில் ஆகியவை ஒரு குடும்பம். மடைப்பள்ளி கோயிலுக்கும் அரண்மனைக்கும் உரியதாயிற்று. அடுப்பங்கரை, அடுப்படி, சமையற்கட்டு ஆகியவை பேச்சுவழக்கின. திருவண்ணாமலைக்குக் கிழக்கே புதுச்சேரியை நெருங்க நெருங்க, போர்த்துக்கீசியம் தந்த ‘குசினி’ காதில் விழும். ஈழத்தமிழிலும் அச்சொல் நிலைத்திருக்கிறது.

இச்சொற்களில் எதுவும் உயரத்தைச் சொல்வதில்லை. ‘அடுப்பங்கரை’யில் உள்ள ‘கரை’ அடுப்பைச் சுற்றிய இடத்தைக் குறிக்கிறதேயன்றி மேடையை அன்று. அடுப்பு தரையில் இருப்பது சொல்லாமலே விளங்கிய செய்தியாக இருந்தது.

சொல்லப்பட்டது புகை. நற்றிணையின் 120ஆம் பாடலில் விருந்துக்குச் சமைக்கும் தலைவியின் கண்கள் அட்டிற் புகையால் கலங்கியிருக்கின்றன. குறுந்தொகை 167இல் தாளிப்புப் புகை புதுமணப் பெண்ணின் கண்ணில் படிகிறது. இரண்டும் இல்லறத்தின் இனிமையைப் பாடுவதாகவே உரைகாரரும் ஆசிரியரும் கற்பித்து வந்துள்ளனர். அவ்வாறு கொள்வதில் தவறில்லை. ஆயினும் அடுக்களை வரலாற்றைத் தேடுபவர் அப்பாடல்களில் காண வேண்டிய மற்றொன்றும் உண்டு. புகை வெளியேற வழியில்லாத அறை அது. அந்நிலை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெரும்பாலான வீடுகளில் மாறவில்லை.

தரையோடு இருந்த அடுக்களை

கோயிலைச் சூழ்ந்த பழந்தெருக்களின் வீடுகள் தமிழகத்தின் பிற கோயில் நகரங்களில் உள்ளவற்றைப் போலவே நீளவாக்கில் அமைந்தவை. திண்ணை, நடை, கூடம், முற்றம், தாழ்வாரம் ஆகியவற்றைக் கடந்த பின்னரே அடுக்களை வரும். அதற்கு அப்பால் கொல்லையும் கிணறும். தெருவிலிருந்து மிகத் தொலைவில் அடுப்பு இருந்தது. இத்தொலைவு நெருப்புக்கு அஞ்சியது மட்டுமன்று. யார் எதுவரை வரலாம் என்ற சாதி ஒழுங்கும், தீட்டுக் காலத்தில் வீட்டுப் பெண்களையே விலக்கிய ஒழுங்கும் இத்தொலைவால்தான் காக்கப்பட்டன.

அடுப்பு மண்ணால் ஆனது. ஒரு வாயில் விறகிட்டால் பக்கத்துக் கண்ணுக்கும் வெப்பம் செல்லும் கொடியடுப்பு வழக்கில் இருந்தது. விறகும் வறட்டியும் எரிபொருள். காய் அரிவதும் அரிவாள்மணையில், தரையில். அம்மி சுவரோரம். ஆட்டுக்கல் தாழ்வாரத்திலோ அடுக்களை மூலையிலோ புதைக்கப்பட்டிருக்கும். உரல் முற்றத்தில். பாத்திரம் துலக்குவது கிணற்றடியில். அதாவது, இன்று ஒரே மேடையில் கூடியிருக்கும் ஐந்தாறு வேலைகளும் வீட்டின் பின்பாதி முழுவதும் பரவிக் கிடந்தன. ‘பழைய அடுக்களை சிறியது’ என்று இன்று கூறுவோர் இதைக் கவனிப்பதில்லை. அடுப்பு இருந்த அறைதான் சிறியது. அடுக்களை பெரியது.

இந்நகரத்தில் ஓரளவு எழுத்துப் பதிவுள்ள அடுக்களை இரமணாசிரமத்தினுடையது. 1896இல் இங்கு வந்த இரமணர் முதலில் பிச்சை உணவிலும் அன்பர் கொண்டுவந்த உணவிலும் வாழ்ந்தார். 1916ஆம் ஆண்டளவில் தாய் அழகம்மாள் வந்து தங்கிய பின்னரே ஸ்கந்தாசிரமத்தில் முறையான சமையல் தொடங்கியது. 1922இல் தாய் மறைந்த பின் மலையடிவாரத்தில் வளர்ந்த ஆசிரமத்தில் இரமணர் விடியலுக்கு முன்னரே எழுந்து காய் அரிந்ததையும், அரைத்ததையும், சாந்தம்மாள், சம்பூர்ணம்மாள் முதலிய பெண்கள் அவருடன் சமைத்ததையும் அவர்களின் நினைவுக்குறிப்புகளால் அறிகிறோம். 1930களில் அண்ணாமலை சுவாமியின் மேற்பார்வையில் ஆசிரமத்தின் பெரிய கட்டடங்கள் எழுந்தன. சமையற்கூடமும் உணவுக்கூடமும் அவற்றுள் அடங்கும். உணவுக்கூடத்தில் பிராமணர்க்கும் பிறர்க்கும் தனித்தனிப் பகுதிகள் இருந்தன என்பதையும் அன்பர் பதிவுகள் மறைக்கவில்லை. துறவியின் ஆசிரமத்திலும் அடுப்பு சாதியின் எல்லைக்குள்ளேயே எரிந்தது. இரமணர் காய் அரிந்ததை நெகிழ்ந்து எழுதுவோர் இச்செய்தியையும் சேர்த்து எழுதுவதே நேர்மை.

புகையை வெளியேற்றும் முயற்சிகள்

அடுப்பை உயர்த்த வேண்டும் என்ற எண்ணத்துக்கு முன்பு வந்தது புகையைப் போக்க வேண்டும் என்ற எண்ணம். ஐதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எஸ்.பி. ராஜு புகைபோக்கியுடன் கூடிய மண்ணடுப்பை வடிவமைத்து, அதை விளக்கும் சிறுநூலை 1953இல் சென்னையிலிருந்து வெளியிடச் செய்தார். கோடிக்கணக்கானோருக்குப் புகையில்லா அடுக்களை என்பதே அந்நூலின் அறைகூவல். பின்னர் 1980களில் நடுவணரசு மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டத்தை நாடு முழுவதும் நடத்தியது. இவ்விரண்டின் நோக்கமும் கண்ணையும் நுரையீரலையும் காப்பதும் விறகைச் சேமிப்பதுமே. இடுப்பும் முழங்காலும் அத்திட்டங்களின் கணக்கில் இல்லை. பெண் குந்தியிருப்பது இயல்பு என்று அவை எடுத்துக்கொண்டன.

இதற்கு முன்பே ஐரோப்பாவில் கேள்வி வேறாக இருந்தது. 1926இல் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்னும் பெண் கட்டடக்கலைஞர் வடிவமைத்த ஃபிராங்க்ஃபர்ட் அடுக்களை, ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.44 மீட்டர் நீளமும் கொண்டது. சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார் என்று எண்ணி அமைக்கப்பட்ட அவ்வறை சுமார் 10,000 குடியிருப்புகளில் இடம்பெற்றது. அதில் ஒரு சுழல் முக்காலியும் இருந்தது. காய் நறுக்கும்போது பெண் உட்கார்ந்துகொள்ளலாம். நின்று சமைக்கும் அடுக்களையின் முன்மாதிரியாகப் போற்றப்படும் வடிவமைப்பிலேயே உட்காரும் இடமும் இருந்தது என்பது நினைவில் கொள்ளத்தக்கது. நம் ஊருக்கு மேடை வந்தது. முக்காலி வரவில்லை.

உருளை அளந்த உயரம்

இக்கட்டுரையின் மையக் கருதுகோள் இப்பகுதிக்குரியது. 1955இல் பர்மா-ஷெல் நிறுவனம் பம்பாயில் சமையல் எரிவாயுவை விற்கத் தொடங்கியது. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் இண்டேன் 1965இல் கல்கத்தாவில் தொடங்கியது. சிறுநகரங்களுக்கு அது பையப் பையவே வந்தது. வந்தபோது சில கட்டுப்பாடுகளையும் உடன் கொண்டுவந்தது. உருளை தரையில் நிமிர்ந்து நிற்க வேண்டும். அடுப்பு உருளையின் மேல்மட்டத்தை விட உயரமான இடத்தில் இருக்க வேண்டும். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே தரையில் அடுப்பு வைத்தல் ஆபத்து.

அதுவரை தரையில் இருந்த அடுப்பு ஒரே நாளில் மேலேற வேண்டியதாயிற்று. மேடை இல்லாத வீடுகளில் முதலில் மரமேசையோ விசுப்பலகையோ அப்பணியைச் செய்தது. பின்னர் இரண்டு செங்கற் கால்கள் மீது ஒரு கடப்பா பலகை ஏறியது. அதன் கீழ் உருளை நின்றது.

இப்போது அளவைப் பார்க்கலாம். வீட்டுப் பயன்பாட்டுக்குரிய 14.2 கிலோ உருளை ஏறத்தாழ 2 அடி உயரமுடையது. அதன் தலையில் ரெகுலேட்டரைப் பொருத்தவும் திருகவும் கை நுழையும் இடைவெளி தேவை. அதற்கு மேல் பலகையின் கனம். மூன்றையும் கூட்டினால் 2¾ அடியை நெருங்குகிறோம். இன்று திருவண்ணாமலையில் எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் மேடைக்குச் சொல்லும் அளவு ஏறத்தாழ இதுவே, அதாவது 32 முதல் 34 அங்குலம்.

இவ்வளவு சமைப்பவரின் உடலுக்கும் பொருந்துவதாகவே தோன்றும். இந்தியப் பெண்ணின் சராசரி உயரம் சுமார் 152 செ.மீ. முழங்கை தரையிலிருந்து சுமார் 95 செ.மீ. உயரத்தில் இருக்கும். நின்று வேலை செய்யும் பரப்பு முழங்கைக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே இருப்பது நல்லது என்பது பணியியல் நூலார் கூற்று. அப்படியானால் 80 முதல் 85 செ.மீ. எனவே 2¾ அடி சரியே. காய் நறுக்க, மாவு பிசைய, தோசைக்கல்லில் எண்ணெய் தடவ அது சரியே.

சிக்கல் அடுப்பில்தான். மேடையின் மீது எரிவாயு அடுப்பின் உயரம், அதன் மீது குக்கரோ குழம்புச் சட்டியோ பொங்கல் பானையோ ஏறும்போது, கிளறும் கை 110 செ.மீ.க்கும் மேலே செல்கிறது. முழங்கை தோளை நோக்கி உயர்கிறது. அமெரிக்க, ஐரோப்பிய அடுக்களைகளில் அடுப்பு மேடையோடு சமமட்டமாகப் பதிந்திருக்கும். நம் அடுப்போ மேடை மீது வைத்த மற்றொரு மேடை. தரையடுப்பின் முன் மணையில் அமர்ந்தவள் பானைக்குள்ளே பார்த்துச் சமைத்தாள். மேடைக்கு முன் நிற்பவள் சற்றுக் குட்டையானவள் என்றால் எட்டிப் பார்க்க வேண்டும். முழங்கால் வலி குறைந்து தோள்வலி வந்தது என்று மூத்த பெண்கள் பலர் கூறுவதை இக்கணக்கோடு சேர்த்தே கேட்க வேண்டும்.

உருளை ஒன்றே காரணம் என்று நான் வாதிடவில்லை. பொறியாளர்களின் கையேடுகளும், நகரத்து அரசுக் குடியிருப்புகளின் வடிவமைப்பும் இவ்வளவைப் பரப்பியிருக்கும். ஆனால் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1970இல் முதன்முதலாக வெளிவந்தது முதல் அடுக்களையின் பரப்பு (5 சதுர மீட்டர்), அகலம் (1.8 மீட்டர்), சன்னல், பாத்திரம் கழுவும் வசதி ஆகியவற்றிலேயே கருத்துச் செலுத்தியது. மேடையின் உயரம் நடைமுறைக்கு விடப்பட்டது. நடைமுறையில் நின்றது உருளை. இதற்கு ஒரு மறைமுகச் சான்றும் உண்டு. அண்மைக்கால வீடுகளில் உருளையை வெளியே வைத்துச் செப்புக்குழாய் வழியாக எரிவாயுவைக் கொணர்கிறார்கள். மேடைக்குக் கீழே இழுப்பறைகள் வந்துவிட்டன. உருளை போய்விட்டது. அது விட்டுச் சென்ற உயரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஏழை வீடுகளுக்கு இம்மாற்றம் மிகப் பிந்தியே வந்தது. 2006 தேர்தலுக்குப் பின் தமிழக அரசு எரிவாயு இணைப்பில்லாத குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பும் இணைப்பும் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2016இல் நடுவணரசின் உஜ்வாலா திட்டம் வந்தது. 2011இல் அறிமுகமான பசுமை வீடுகள் திட்டத்தின் 300 சதுர அடி வீட்டிலும் அடுக்களை தனி அறையாக இடம்பெற்றது. குடிசைக்குள் ஒரு மூலையாகவோ, வெளியே கீற்றுச் சார்ப்பாகவோ இருந்த அடுப்படிக்கு முதன்முறையாகச் சுவர்கள் கிடைத்தன. புறநகர்க் குடியிருப்புகளிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் இன்றும் வெந்நீருக்கும் பெருஞ்சமையலுக்கும் கொல்லையில் விறகடுப்பு எரிகிறது. உருளையின் விலை அதற்கொரு காரணம். பழக்கம் மற்றொன்று.

கல்லின் வழி

மேடையின் கல்லுக்கு வருவோம். முதலில் வந்தது கடப்பா கல். ஆந்திரத்தின் கடப்பை, கர்னூல் பகுதிகளில் அடுக்கடுக்காகப் பிளந்து எடுக்கப்படும் சுண்ணாம்புக் கல் இது. தகடாகப் பிளப்பதால் இயந்திரமின்றியே பலகையாகும். எனவே மலிவு. கருமையும் வழவழப்பும் உடையது. ஆனால் சுண்ணாம்புக் கல் அமிலத்தைத் தாங்காது. தமிழ்ச் சமையலோ புளியையும் எலுமிச்சையையும் தயிரையும் நம்பியது. புளிக்கரைசல் சிந்திய இடம் மெருகிழந்து வெளிறிப்போவதைக் கடப்பா மேடை உள்ள எந்த வீட்டிலும் காணலாம். பழைய மேடை ஒன்றைக் கூர்ந்து பார்த்தால், அக்குடும்பத்தார் குழம்பை எந்தப் பக்கம் கரைத்தனர் என்றே சொல்லிவிடலாம். சிமெண்டில் வார்த்துச் சிவப்புக் காவி பூசிய மேடைகளும், மொசைக் மேடைகளும் இதே காலத்தில் இருந்தன. அவை நெடுநாள் நீடிக்கவில்லை.

திருவண்ணாமலை மாவட்டமோ கல்லின் மீதே அமர்ந்திருக்கிறது. சார்னோக்கைட், நைஸ் வகைப் பாறைகளும், அவற்றை ஊடறுத்துச் செல்லும் கரிய டோலரைட் படிவங்களும் இங்கு உள்ளன. ‘சார்னோக்கைட்’ என்ற பெயரே தமிழகக் கல்லொன்றின் பயணத்தைக் குறிப்பது. பல்லாவரப் பகுதியிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதிக்கப்பட்ட கல்லை ஆராய்ந்து டி.எச். ஹாலண்ட் 1893இல் இட்ட பெயர் அது. இத்தகைய கடினக் கற்களே கோயில் தூணாகவும் ஆட்டுக்கல்லாகவும் ஆயின. ஆனால் அவற்றை மெல்லிய பலகையாக அறுத்து மெருகேற்றுவதற்கு உளியால் முடியாது. வைரமுனை வாளும் மெருகு இயந்திரமும் வேண்டும். ஆகவே சுற்றிலும் கல் இருந்தும், அடுக்களை மேடைக்கு அயல்மாநிலச் சுண்ணாம்புக் கல்லை நாடும் நிலை பல ஆண்டுகள் இருந்தது.

இந்நிலையை மாற்றியது உள்ளூர்த் தேவை அன்று, ஏற்றுமதி. வணிகர் ‘கறுப்பு கிரானைட்’ என்று அழைப்பது நிலவியல்படி பெரும்பாலும் டோலரைட் வகையே. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் கல்லறைக் கற்களுக்கு இதற்குப் பெரும் தேவை இருந்தது. 1977இல் தமிழக அரசு சிறுகனிமச் சலுகை விதிகளில் 8-சி என்னும் விதியைச் சேர்த்துக் கறுப்பு கிரானைட் குத்தகையைத் தனியாருக்கு வழங்குவதை நிறுத்தியது. 1978இல் தமிழ்நாடு கனிம நிறுவனம் உருவாயிற்று. தனியார் தொடுத்த ஹிந்த் ஸ்டோன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1981இல் அவ்விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. கனிம வளத்தின் மீது மாநிலத்துக்குள்ள உரிமை பற்றிய சட்ட வரலாற்றில் இத்தீர்ப்பு பெரிதும் பேசப்படுவது. அடுக்களை வரலாற்றில் அதைக் குறித்தவரைக் காணேன். ஏற்றுமதிக்காகக் கிருஷ்ணகிரி, ஓசூர் பகுதிகளில் எழுந்த அறுவை ஆலைகளும் மெருகு ஆலைகளும்தாம் பிற்காலத்தில் உள்ளூர் வீடுகளுக்கும் பலகை தந்தன. ஏற்றுமதித் தரத்துக்கு எட்டாத கற்கள் புதுச்சேரி–கிருஷ்ணகிரி நெடுஞ்சாலை வழியே நம்மூர்க் கடைகளுக்கு வந்தன. சார்னாக்கின் கல்லறையிலிருந்து ஜப்பானியக் கல்லறை வரை, தமிழகக் கல் முதலில் அயலாரின் இறந்தோரிடம் சென்றது. மிச்சமே நம் அடுப்புக்கு வந்தது.

கிரானைட் புளிக்கு அஞ்சாது. அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரை அப்படியே வைக்கலாம். மஞ்சள் கறை கரும்பரப்பில் தெரியாது. ஆழ்குழாய்க் கிணற்று நீரின் உப்புப் படலம் மட்டும் அதே கரும்பரப்பில் நன்றாகத் தெரியும். இக்குறையை எந்தக் கடைக்காரரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

இப்போது வந்திருப்பது குவார்ட்ஸ் எனப்படும் செயற்கைப் பலகை. குவார்ட்ஸ் துகளைப் பிசினுடன் சேர்த்து அழுத்திச் செய்வது. வெண்மையும் சீரான நிறமும் அதன் கவர்ச்சி. பிசின் இருப்பதால் கொதிக்கும் பாத்திரத்தை நேரே வைக்கக் கூடாது. வெண்ணிறமென்றால் மஞ்சளுக்கும் அஞ்ச வேண்டும். தமிழ்ச் சமையலுக்கு இதைவிடப் பொருந்தாத மேடையை வேண்டுமென்றே தேடினாலும் கிடைக்காது என்பது என் கருத்து. அதைவிடப் பெரிய செய்தி அதை அறுப்பவரைப் பற்றியது. உலர்நிலையில் அறுக்கும்போது எழும் சிலிக்காத் துகள் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கோசிஸ் நோயைத் தருகிறது. இதனால் ஆஸ்திரேலியா 2024 சூலை 1 முதல் இவ்வகைக் கல்லைத் தடை செய்தது. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, அளவு குறைவு. நம் தெருக்களில் புதிய வீட்டு வாசலில் கைத்துண்டை மட்டும் முகத்தில் கட்டிக்கொண்டு, நீர் ஊற்றாமல் கல் அறுக்கும் இளைஞர்களைப் பார்க்காதவர் இல்லை. சங்கப் பாடலின் தலைவி அட்டிலின் உள்ளே புகையுண்டாள். இன்று புகையில்லா அடுக்களைக்காக வேறொருவர் வெளியே தூசுண்கிறார்.

தரையில் எஞ்சிய கற்கள்

மேடை எழுந்தபோது அம்மி, ஆட்டுக்கல், உரல் மூன்றும் இடம் இழந்தன. 1960களில் பரவத் தொடங்கிய மிக்சியும், கோயம்புத்தூர் உருவாக்கிய மாவரைக்கும் இயந்திரமும் அவற்றின் வேலையை எடுத்துக்கொண்டன. 2011இல் தமிழக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை விலையில்லாமல் வழங்கத் தொடங்கியபின், மேடை மீது வைக்கும் கிரைண்டர் சிறு வீடுகளுக்கும் வந்தது. கிரைண்டருக்குள்ளே சுழல்வதும் கல்தான். மேடைக்கு மேலே மின்செருகி தேவைப்பட்டது அப்போதுதான்.

ஆட்டுக்கல் பெரும்பாலும் கொல்லையில் கவிழ்ந்து கிடக்கிறது. அம்மி மட்டும் தப்பியது. திருமணச் சடங்கில் மணமகள் மிதிக்க அது வேண்டும். ஆகவே மண்டபங்கள் அம்மியை வைத்திருக்கின்றன. ஒருகாலத்தில் நாள்தோறும் கையால் தொட்ட கல்லை இன்று வாழ்வில் ஒருமுறை காலால் தொடுகிறோம்.

பழைய அடுக்களையைப் போற்றி எழுதுவோர் இக்கற்களின் சுவையைப் பேசுவர். அரைத்த கையின் வலியை, நோயுற்ற நாளிலும் குந்தியே ஆக வேண்டிய கட்டாயத்தை அவர்கள் எழுதுவதில்லை. மேடையைக் குறை கூறும் என் வாதம் தரையடுப்புக்குத் திரும்பச் சொல்லும் வாதம் அன்று.

தீர்மானித்தவர் யார்

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ என்னும் சிறுகதை ஒரு இராஜஸ்தானக் குடும்பத்தின் பெரிய வீட்டைப் பற்றியது. அதில் அடுக்களை பின்னால் ஒட்டவைத்ததுபோல இருக்கும். அதை வசதியாக மாற்றியமைக்கலாம் என்று மருமகள் கூறும் யோசனை குடும்பத் தலைவரால் ஏற்கப்படுவதில்லை. இக்கதையைப் பெண்ணிய நோக்கில் ஆராய்ந்தவர் பலர். அடுக்களை மறுகட்டமைப்பில் முடிவெடுக்கும் உரிமை பற்றித் தமிழில் உள்ள மிகச் சிறந்த ஆவணமாகவும் அதைக் கொள்ளலாம்.

இன்று நிலை அவ்வளவு இறுக்கமாக இல்லை. நிறத்தைப் பெண்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். திசையைப் பெரும்பாலும் வாஸ்து பார்ப்பவர் சொல்கிறார். தென்கிழக்கு அக்கினி மூலை, சமைப்பவர் கிழக்கு நோக்க வேண்டும் என்பது பொதுவான கூற்று. அக்கினித் தலமான இவ்வூரில், கிரிவலப் பாதையின் அக்கினி லிங்கமும் தென்கிழக்குக்கு உரியதாக இருக்க, இக்கூற்றை மறுத்துப் பேசுவது எளிதன்று. ஆயினும் கிழக்கு நோக்கி நிற்பதற்காக மலை தெரியும் சன்னலுக்கு முதுகைக் காட்டும்படி அமைந்த மேடைகளையும் காண்கிறோம். உயரத்தைக் கொத்தனார் சொல்கிறார். அதைப் பற்றி யாரும் யாரையும் கேட்பதில்லை.

எங்கள் வீட்டுப் பழைய மேடையை உடைத்தபோது அடுக்குகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. மேலே கறுப்பு கிரானைட். அதன் கீழ் சிமெண்டுக் கலவை. அதன் கீழ், எடுத்தெறியாமல் தாங்குபலகையாக விட்டுவைத்த பழைய கடப்பா கல், அதன் ஒரு பக்கத்தில் புளி தின்ற வெளிறிய வட்டம். செங்கற் கால்களுக்கு இடையே சிவப்புக் காவித் தரை. சுவரில் ஒட்டிய ஓட்டைப் பெயர்த்ததும், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் தொடங்கி மேலே அகன்று செல்லும் கரும்புகைத் தடம் தெரிந்தது. என் பாட்டியின் அடுப்பு இருந்த இடம் அதுவே. அகழாய்வுக் குழியின் மண்ணடுக்கைப் படிப்பதற்குப் பயிற்சி பெறும் நாங்கள், வீட்டுச் சுவரை உடைத்த கல்லும் மண்ணும் லாரியில் ஏறும்போது ஒரு நிழற்படமும் எடுத்து வைப்பதில்லை. நானும் அந்தத் தடத்தின் பாதி மறைந்த பின்னரே எடுத்தேன்.

புதிய மேடையில் அடுப்பு வரும் பகுதியை மட்டும் 4 அங்குலம் தாழ்த்த வேண்டும் என்று அம்மா கூறினார். உருளை கொல்லைப்புறச் சுவருக்கு வெளியே போய்விட்டதால் தடையேதும் இல்லை. கல் பதிப்பவர் ஒப்பவில்லை. ஒரே பலகையாகப் போட வேண்டியதை இரண்டாக அறுத்தால் இணைப்பு தெரியும், அழுக்கு சேரும், பார்ப்பவர்கள் தம் வேலையைத்தான் குறை சொல்வார்கள் என்பது அவர் கவலை. அது நியாயமான கவலையே. இரண்டு நாள் பேச்சுக்குப் பின் பலகை அறுக்கப்பட்டது. இணைப்பில் கறுப்புப் பூச்சு வைத்தார். இப்போது அம்மா பானைக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. வாரம் ஒருமுறை ஒரு பழைய பல்துலக்கியால் அந்த இணைப்பைத் தேய்த்துக் கழுவுகிறார்.